பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு கம்பி

1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள அர்ட்ராசனில், கடற்பாசி கிடந்த வயலொன்றில் கூடாரம் போட்டு, காதில் ஹெட்போனோடு இரவெல்லாம் விழித்திருந்தார் அமெரிக்க வானொலி வல்லுநர் பால் காட்லி. அமெச்சூர் நிலையங்கள் அட்லாண்டிக் கடந்தும் கேட்கின்றனவா என்று பார்க்க அவரை அனுப்பியது அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் சங்கம். கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி நிலையம் சுமார் 230 மீட்டரில், அதாவது இன்றைய மீடியம் வேவ் பட்டைக்குள், அனுப்பிய மோர்ஸ் செய்தியை அவர் முழுதாக எழுதி எடுத்தார். இந்த வெற்றி பற்றிய பேச்சில் முன்னால் நிற்பது, அந்த நிலையத்தை அமைத்தவர்களில் ஒருவரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கும், அவர் கண்டுபிடித்து காட்லி பயன்படுத்திய சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரும்தான். வயலில் 12 அடி உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்த 1,300 அடிக் கம்பிக்கும் அதில் சரிபங்கு உண்டு என்பது என் கட்சி.

ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நம்பிய காலம் அது. ஆனால் காட்லி கட்டிய, ஹரால்ட் பெவரேஜ் அதே ஆண்டில் காப்புரிமை பெற்ற வகைக் கம்பி தாழ்வாகவே இருந்து வேலை செய்தது. மின்சாரத்தை எளிதில் கடத்தாத தரைமேல் வரும் வானொலி அலை சற்றே முன்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வினால் கம்பியின் நீளவாட்டில் மின்னழுத்தம் எழுகிறது. அலையும் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்ந்து போவதால், சிக்னல் அடிக்கு அடி வலுத்து, ரிசீவர் இருக்கும் முனைக்கு வந்து சேர்கிறது. எதிர்த்திசையில் வருவது மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே பூமியோடு இணைத்த சில நூறு ஓம் ரெசிஸ்டர் அதை விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டு இரைச்சலும் பெரிதாக ஏறுவதில்லை. அதிகம் வாங்குவதல்ல, வேண்டாததை வாங்காமலிருப்பதே இதன் பலம்.

பிரிட்டிஷ் அமெச்சூர்கள் சிலர் சாதாரண ஏரியலிலேயே அமெரிக்க நிலையங்களைக் கேட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளிர்கால இரவும் அனுப்பிய நிலையத்தின் வலுவும் அவர்களுக்கும் கைகொடுத்தன. ஆனால் காட்லி பிடித்த நிலையங்கள் இருபதுக்கும் மேல். அதெல்லாம் ரிசீவரின் திறமை என்றால், ரிசீவர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் கம்பியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எந்த ரிசீவரையும் வாங்க வசதியுள்ள அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்சிஏ, நியூயார்க் அருகே ரிவர்ஹெட்டில் நெடிய அலைகளைப் பிடிக்க ஒன்பது மைல் நீளத்துக்கு இதே வகைக் கம்பியை இழுத்தது. ரிசீவர்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்ட இந்தக் காலத்திலும், வட அமெரிக்க ஏஎம் நிலையங்களைத் தேடி ஃபின்லாந்தின் லாப்லாந்துக்குப் போகும் நேயர்கள், கேட்க வேண்டிய திசை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட கம்பியைக் காட்டுக்குள் இழுத்துக் கட்டுகிறார்கள்.