கங்கைகொண்ட சோழபுரப் பயணம்

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்கு அருகே, முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரின் எச்சங்களைக் காணச் செல்லும் பயணம். 2004-இல் இவ்வூர்க் கோயில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தபின், தஞ்சாவூர், தாராசுரத்தோடு சேர்த்து மூன்று கோயிலையும் ஒரே நாளில் வேனில் பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வூருக்கு அந்த வேகம் ஒத்துவராது.

ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் சுற்றுலாவும் இதே போக்கில்தான் நடக்கிறது. ரைன், டான்யூப் ஆறுகளில் கப்பலே விடுதி. பெட்டி படுக்கையை ஊர் ஊராகத் தூக்க வேண்டியதில்லை. கரையிறங்கி வழிகாட்டியோடு சில மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பலாம். நடை தளர்ந்தவர்களுக்கும், தினமும் விடுதி தேட அலுப்பவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. ஓர் ஊரில் நினைத்த நேரம் வரை நிற்க விரும்புபவருக்கு அது சிறைதான். ஆறும் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை: 2018, 2022 ஆண்டுகளில் ரைனில் நீர் குறைந்தபோது கப்பல்கள் தடுமாறின. இந்தியாவில் 2023 சனவரியில் வாராணசியிலிருந்து திப்ரூகருக்குப் புறப்பட்ட கங்கா விலாஸ் கப்பல், 51 நாளில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் செல்லும் திட்டத்தோடு கிளம்பியது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வரும் வழியிலுள்ள கொள்ளிடம் ஆற்றில் இத்தகைய கப்பல் பயணத்துக்கு வழியில்லை. அது முக்கொம்பில் பிரிந்து, காவிரியின் மிகுவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் வடிகால். வெள்ளம் வடிந்தபின் மணற்பரப்பே மிஞ்சும். கும்பகோணத்திலிருந்து வருபவர்கள் அணைக்கரையில் கீழணை வழியாக அதைக் கடப்பார்கள். 1836-இல் அவ்வணையைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிற்கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஆகவே கோயிலைப் பார்க்க வருபவர், அதன் ஒரு பகுதியின் மேலேயே வந்துசேர்கிறார் எனலாம்.

ஊரின் பெயருக்குக் காரணமான கங்கைப் பயணத்தை அரசன் முழுதாகச் செய்யவில்லை. வடக்கே சென்ற படைத்தலைவன் கொணர்ந்த நீரை அவன் கோதாவரிக் கரையில் பெற்றுக்கொண்டான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்றும் அவை புகழ்கின்றன. இன்று பொன்னேரி எனப்படும் அதைப் பெரும்பாலான வேன்கள் எட்டிப்பார்ப்பதில்லை.

கோயிலுக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். ஏறக்குறைய 55 மீட்டர் உயர விமானம் தஞ்சையினதைவிடத் தாழ்ந்தது; அங்கே நேர்கோடாக ஏறும் விளிம்பு இங்கே உள்வாங்கி வளைகிறது. வடபுறப் படிக்கட்டருகே அடியாரான சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பமும், எதிரே கலைமகளும் உள்ளனர். முன்னதில் சண்டேசரின் குனிந்த தலையையும் கூப்பிய கைகளையும் நின்று பார்க்காமல் போனால் வந்த செலவு வீண். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள் மட்டுமே உள்ளன; வரலாற்றில் பிடிப்பு இல்லாதவர்களுக்கு அது வெறும் பள்ளமாகத் தோன்றக்கூடும்.

நண்பகலில் நடை சாத்தியிருக்கும். வெறுங்காலில் கல்தரை சுடும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு மார்கழி, தை மாதக் காலைகளே ஏற்றவை. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கும், இராசேந்திரன் பிறந்த நாளான ஆடித் திருவாதிரைக்கும் கூட்டம் நெரியும். அந்நாட்களில் சிற்பம் பார்க்க நினைப்பது வீண்வேலை. தங்குவதற்குப் பலரும் கும்பகோணத்தையே நாடுகிறார்கள். அங்கிருந்து தூரம் சுமார் 35 கிலோமீட்டர்.