உயிருக்கு ஈடாக ஒரு விளக்கு

புதுக்கோட்டைக்கு வடபுறம் ஒட்டினாற்போல் இருக்கும் திருக்கோகர்ணத்தை அருங்காட்சியகத்திற்காகவோ பிரகதாம்பாளுக்காகவோ பலரும் அறிவர். கோகர்ணம் என்றால் பசுவின் காது. காமதேனு தன் காதில் கங்கை நீரைக் கொணர்ந்து இறைவனுக்கு முழுக்காட்டியது என்பது தலபுராணம். குன்றைக் குடைந்து அமைத்த கருவறையும், அங்கே கங்கையைத் தலையில் ஏற்கும் கங்காதரர் சிற்பமும், எழுவர் அன்னையர் வரிசையும் அந்தக் கதைக்கு மிகவும் முந்திய காலத்தை நினைவூட்டுபவை. தொண்டைமான் மன்னர்கள் பிரகதாம்பாள் தாசர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதும், அம்மன் உருவம் பொறித்த அம்மன் காசு அடித்ததும் பின்னால் வந்த செய்திகள். நான் எழுத எண்ணியது இவற்றைப் பற்றி அல்ல. பசுவும் ஆடும் நெய்யும் கோயிலும் சேர்ந்து, ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கொலைக்குத் தண்டனையாக நின்ற விந்தையைப் பற்றி.

கோயில் கல்வெட்டு படிக்கப் பழகுபவர் எவரும் முதலில் சந்திப்பது விளக்குக் கொடைதான். நந்தா விளக்கு, நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்று பலவாறு எழுதியிருப்பார்கள். அணையாமல் எரியும் விளக்கு என்பதே பொருள். ஒரு விளக்குக்கு முதலாக வைக்கப்பட்டவை பெரும்பாலும் 96 ஆடுகள், அல்லது 32 பசுக்கள். இடத்திற்கு இடம் கணக்கு சற்று மாறும். தஞ்சைப் பெரிய கோயிலில் பசுவானால் 48. இப்படிப்பட்ட வரிகளை நூறு முறை படித்துச் சலித்தவர், இதுவும் யாரோ ஒரு பக்தரின் கொடை என்று தாண்டிப் போய்விடுவார். அப்படித் தாண்டாமல் முழுதும் படித்தால் சில கல்வெட்டுகளில் நம்மைத் திடுக்கிடச் செய்யும் ஒரு காரணம் கிடைக்கும். வேட்டைக்குப் போனான், விலங்கென்று எண்ணி அம்பு எய்தான், அது மனிதன்மேல் பட்டது, அவன் செத்தான், ஆகவே இந்த விளக்கு.

சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்றில், வேட்டையில் குறி தவறி ஒரு வெள்ளாளனைக் கொன்றவனின் வழக்கை 79 நாட்டு உழுகுடிகள் கூடி விசாரிக்கிறார்கள். குற்றம் உண்டு என்கிறார்கள். அவன் கோயிலுக்கு 64 பசுக்கள் தரவேண்டும் என்று தீர்க்கிறார்கள். முன்சொன்ன கணக்கின்படி அது சரியாக இரண்டு விளக்கு. வேறு வழக்குகளில் 16 பசுவும் அரை விளக்கும் போதும் என்றிருக்கிறது. அரை விளக்கு என்பது ஒரு விளக்கின் முதலில் பாதி. செத்தவனுக்காக இவனும் சாகவேண்டியதில்லை என்று சொல்லி, அதற்கு மாற்றாக விளக்கெரிக்க விதித்த தீர்ப்புகளும் உண்டு. உயிருக்கு உயிர் என்னும் கணக்கும் அவர்கள் நினைவில் இருந்தது, அதை அறிந்தே விலக்கினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இவை எல்லாம் அம்பு வழுவிய கதைகள். இன்னொரு வழக்கு அப்படியன்று. வரி கேட்டு வந்த ஊர் அதிகாரி ஒருவனிடம் ஒரு பெண் தான் அந்த வரிக்கு உரியவள் அல்லள் என்கிறாள். அவன் நம்பாமல் அவளைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவமானம் தாளாமல் அவள் நஞ்சுண்டு இறக்கிறாள். நாலு திசையிலிருந்தும் பதினெட்டு நாட்டிலிருந்தும் மக்கள் கூடி, அவள் சாவுக்கு அந்த அதிகாரியே பொறுப்பு என்று தீர்க்கிறார்கள். தண்டம் 32 காசு, கோயிலில் விளக்கெரிக்க. அரசின் ஆள் ஒருவனை ஊர் கூடிக் குற்றவாளி என்றது பெரிய செய்தி. ஆனால் அந்தப் பெண்ணின் உயிருக்கு 32 காசுதானா என்று இன்று படிக்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. கை தவறியதற்கும் கொடுமை செய்ததற்கும் ஒரே வகை விளக்கு எரிவது எனக்கு உறுத்தல்தான்.

இது தண்டனையா, பிராயச்சித்தமா? இரண்டும்தான் என்பேன். ஊர் கூடித் தீர்த்ததால் தண்டனை. கோயிலில் நிறைவேற்றியதால் பிராயச்சித்தம். கொலைப்பழி செய்தவனோடு நிற்பதில்லை, ஊரையே தீண்டும் என்னும் அச்சம் இதன் அடியில் இருக்கிறது. விளக்குகள் பலவும் இன்னாரைச் சாத்தி வைத்தது என்று எழுதப்படும். அதாவது இன்னாருக்காக, இன்னார் பேரில். செத்தவன் பேரில் விளக்கெரிந்தால் புண்ணியம் அவனுக்குச் சேரும், பழி இவனை விட்டுப் போகும், பகை இரு குடும்பங்களுக்குள் தலைமுறையாய் நீளாது. பழைய ஜெர்மானியக் குடிகளிடமும் ஐஸ்லாந்திலும் கொன்றவன் உயிர்விலை கொடுத்துப் பகை தீர்க்கும் வழக்கம் இருந்தது. அங்கே விலை செத்தவனின் உறவினர் கைக்குப் போயிற்று. இங்கே கோயிலுக்குப் போயிற்று. 1174இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, பேராயர் பெக்கெட்டின் கொலைக்குக் கழுவாயாக வெறுங்காலோடு காண்டர்பரிக்கு நடந்து துறவிகளிடம் கசையடி வாங்கினான். நம் ஊர் வேட்டைக்காரன் உடம்பில் அடி விழவில்லை, மந்தையில்தான் விழுந்தது.

செத்தவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது? இந்த வகைக் கல்வெட்டுகள் பேசுவது பெரும்பாலும் விளக்கையே. குடும்பத்துக்கு ஈடு கொடுக்கும் எண்ணமே அக்காலத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஊருக்காகப் போரிட்டு மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்து, அதற்கு உதிரப்பட்டி என்றும் இரத்தக்காணி என்றும் பெயரிட்ட சமூகம் அது. ஆக, வீரனாய்ச் செத்தால் வீட்டுக்கு நிலம், தவறிப் பட்ட அம்பில் செத்தால் பேருக்கு விளக்கு. எது மேல் என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டு எவரும் கல்லில் வெட்டவில்லை.

எல்லாக் கொலையும் விளக்கோடு தீர்ந்துவிடவும் இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டை இந்தப் பக்கங்களுக்கு வரும் பொன்னியின் செல்வன் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் உடைமைகளையும் உறவினரின் உடைமைகளையும் பறிமுதல் செய்யும்படி முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் ஆணை பிறந்தது. அரசகுலத்து உயிர் என்றால் சுற்றமே சொத்திழந்தது. உத்தரமேரூரில் 921இல் பொறித்த விதிகளோ, பெரும்பாதகம் செய்தவரும் கள்ள ஓலை எழுதிக் கழுதை ஏறியவரும் வாரியத்தில் அமரக்கூடாது என்றன. கழுதை ஏற்றுவதும் ஒரு சடங்குத் தண்டனையே. அது ஊரார் கண்முன் மானத்தை வாங்குவது. விளக்கோ குற்றவாளியையும் கொடையாளி வரிசையில் நிறுத்திவிடுவது. அதனால்தான் அந்த வரிகளை நாம் தாண்டிப் போகிறோம்.

இனி அந்த ஆடுகளைப் பார்ப்போம், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுவே. கல்வெட்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. சாகாத, மூப்படையாத ஆடுகள்! மாயம் ஒன்றுமில்லை. மந்தை மன்றாடி எனப்படும் இடையரிடம் ஒப்படைக்கப்படும். கிழடு கழிந்தால் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை 96 ஆகவே காக்க வேண்டியது அவர் பொறுப்பு. மிகுந்த பால், குட்டி, எரு எல்லாம் அவருக்கு. தஞ்சையில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 91 நாழியும் கொஞ்சமும். 96 நாழி கொண்டது ஒரு கலம். ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய்கூட ஆகவில்லை. நோயும் வறட்சியும் வந்தாலும் தாங்கும்படி எவரோ ஆடு மேய்த்தறிந்தவர் போட்ட கணக்கு அது என்று எனக்குத் தோன்றும்.

புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுகள் 1929லேயே மூலத்தோடு அச்சேறிவிட்டன, கே.ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1940களில் வந்தது. அந்தப் பெரிய தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குக் கொடைகளை மட்டும் படித்துக்கொண்டு போனாலும் ஒரு மழைக்காலம் கழியும். படிக்கும்போது கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை நெய் அட்டுவோம் என்று மன்றாடிகள் எழுதிக்கொடுத்து, ஒருவருக்கொருவர் புணைப்படுவார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் அளக்க வேண்டும். அம்பு எய்தவன் மந்தையைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு அன்றே பழி நீங்கி வீடு போய்ச் சேர்ந்திருப்பான். நாள்தோறும் உழக்கு நெய்யைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தவர் எவரையும் கொல்லாத அந்த இடையர். அவருக்குப் பின் அவர் மகன், அவனுக்குப் பின் அவன் மகன்.