ஜொகூர்க் காடும் கணினிக் காவலும்: நாடுகளின் ஒத்துழைப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கணினி வலைப்பாதுகாப்பில் நாடுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பது அண்மைக்காலப் புதுமையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், எல்லை கடந்து செல்லும் செய்தித்தொடர்பை எந்த நாடும் தனித்து நின்று காக்க இயலாது என்னும் சிக்கல் தந்தியின் காலத்திலேயே எழுந்துவிட்டது. அவ்வரலாற்றில் ஜொகூர் மாநிலம் பெற்ற இடத்தையும், அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் இடையிலான வேறுபாட்டையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

கடலடித் தந்தியும் ஜொகூரும்

கடலடியில் இடப்படும் தந்திக் கம்பிக்கு உப்புநீர் புகாத உறை தேவை. அதற்கு ஏற்ற பொருளாக அமைந்தது மலாய்த் தீபகற்பக் காடுகளில் வளர்ந்த ஒருவகை மரத்தின் பாலாகும். 'கெத்தா பெர்ச்சா' எனப்பட்ட இதன் மாதிரிகள் 1843ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர்களின் பார்வைக்கு வந்தன. ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இவ்வணிகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டினார். இரப்பர் மரத்தைப்போல் கீறிப் பாலெடுக்காமல் மரத்தையே வெட்டிச் சாய்த்தமையால், சிங்கப்பூர்த் தீவில் இம்மரம் சில ஆண்டுகளிலேயே அருகிப்போயிற்று. 1851 இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பி இவ்வுறையைக் கொண்டதாகும். 1871 இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்தன.

கம்பிகள் பெருகவே அவற்றைக் காக்கும் விதிகளும் தேவைப்பட்டன. 1884 மார்ச் 14 ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, கடலடிக் கம்பிகளை வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சேதப்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உறைக்குரிய பொருளைத் தந்த ஜொகூர் அதில் கையெழுத்திட்ட நாடுகளுள் ஒன்றாக இல்லை.

அவ்வுடன்படிக்கை போரிடும் நாடுகளைக் கட்டுப்படுத்தவில்லை. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் ஜெர்மனியின் கம்பிகளைத் துண்டித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இல் சென்னையையும் அக்டோபர் 28 இல் பினாங்கையும் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல், நவம்பர் 9 இல் கோக்கோஸ் தீவுகளிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க முனைந்தது. எம்டனின் வீரர்கள் நிலையத்தைக் கைப்பற்றுமுன் அங்கிருந்தோர் கம்பியில்லாத் தந்தி வழியாக எச்சரிக்கை விடுத்தனர். அதனைப் பெற்று விரைந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. உடன்படிக்கை பயன்படாத இடத்தில், உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைந்த எச்சரிக்கை பயன்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

கணினி அவசரநிலைக் குழுக்கள்

1988 நவம்பரில் 'மோரிஸ்' என்னும் நச்சுநிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியதைத் தொடர்ந்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசரநிலைக் குழு தோன்றியது. மலேசியாவின் மைசெர்ட், சிங்கப்பூரின் சிங்செர்ட் ஆகிய இரண்டும் 1997 இல் அமைந்தன. 2003 இல் ஆசிய பசிபிக் வட்டாரக் குழுக்கள் ஏபிசெர்ட் என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. இந்தியாவின் குழு 2004 இலும் இலங்கையின் குழு 2006 இலும் செயற்படத் தொடங்கின.

இக்குழுக்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. தாக்குதல் அயல்நாட்டுக் கணினியொன்றிலிருந்து வருவதாகத் தெரிந்தால், அதன் இணைய முகவரியையும் தாக்குதல் நிகழ்ந்த நேரத்தையும் அந்நாட்டுக் குழுவுக்கு அனுப்புகின்றன. அக்குழு தன் நாட்டு இணையச் சேவை நிறுவனத்தை அணுகித் தாக்குதலை நிறுத்த முயல்கிறது. சிங்கப்பூர்க் காவல் துறையின் அதிகாரம் ஜொகூர் நீரிணையோடு நின்றுவிடும். எனினும், சிங்செர்ட்டின் தகவல் அன்றே மைசெர்ட்டை அடைய முடியும். ஒருவரையொருவர் முன்பே அறிந்திருத்தல் இதற்கு இன்றியமையாதது. கூட்டமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் ஒத்திகைகளின் பயன் இதுவேயாம்.

முடிவுரை

சிங்கப்பூர் 2019 இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்தபின், ஜொகூரின் செடெனாக், நூசாஜெயா முதலிய பகுதிகளில் அவை விரைந்து பெருகின. 2024 ஆகஸ்ட் 26 இல் நடைமுறைக்கு வந்த மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புகளை நடத்துவோர் தாக்குதல்களை அரசுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரப்பாலை வழங்கிய ஜொகூர், இன்று நிலத்தையும் மின்சாரத்தையும் நீரையும் வழங்குகிறது. அன்று காவல் விதிகளைப் பிறர் வகுத்தனர். இன்று மலேசியா அவற்றை வகுப்போருள் ஒன்றாகத் திகழ்கிறது. இவ்வாய்ப்பு பயன்தர வேண்டுமாயின், அம்மையங்களைக் காக்கும் வல்லுநர்கள் ஜொகூர் மண்ணிலிருந்தும் உருவாதல் வேண்டும். இரப்பர்த் தோட்ட வரலாற்றைக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில், சென்னையையும் மலாயாவையும் இணைத்த அக்கடலடிக் கம்பியின் வரலாறும் இடம்பெறுமாயின் அதற்கு ஒரு தொடக்கமாக அமையும்.