கடைத்தெருவில் மறைந்த நோக்கியா எங்கே போனது?

ஒரு காலத்தில் தி.நகரிலும் ரிச்சி தெருவிலும் செல்போன் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது நோக்கியாவைத்தான். 2003-ல் வந்த டார்ச் விளக்கு வைத்த 1100 மாடல், நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று கடைகளில் அந்தப் பெயர் அரிதாகிவிட்டது. "காலத்துக்கேற்ப மாறாததால் அழிந்த கம்பெனி" என்று பிள்ளைகளுக்கு அதை உதாரணம் காட்டுகிறோம்.

உண்மையில் நோக்கியா அழியவில்லை. அது நம் கையிலிருந்து செல்போன் டவருக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

மரக்கூழிலிருந்து டவர் வரை

நோக்கியா 1865-ல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. பிறகு ரப்பர், கேபிள் தொழில்களோடு இணைந்து, தொலைத்தொடர்புக்கு வந்தது. ஸ்மார்ட்போன் போட்டியில் பின்தங்கியதும், 2014 ஏப்ரலில் போன் பிரிவை மைக்ரோசாப்டுக்கு விற்றது. ஆனால் நெட்வொர்க் பிரிவை விற்கவில்லை. 2016-ல் அல்காடெல்-லூசன்ட் நிறுவனத்தையும் வாங்கி அந்தப் பிரிவை மேலும் பெரிதாக்கியது. அதன்பின் நோக்கியா பெயரில் கடைக்கு வந்த போன்கள், பெயர் உரிமம் பெற்ற எச்.எம்.டி. என்ற வேறு நிறுவனத்துடையவை.

பொதுமக்களுக்கு விற்காமல் எப்படிப் பிழைக்கிறது?

போன் வாங்குபவர் அடுத்த முறை வேறு பிராண்டுக்கு மாறிவிடலாம். டவர் கருவி வாங்கும் நிறுவனம் அப்படி எளிதில் மாற முடியாது. ஆயிரக்கணக்கான இடங்களில் பொருத்தியதைக் கழற்றுவது பெரும் செலவு. பராமரிப்பு, மென்பொருள் மேம்பாடு என்று உறவு பல ஆண்டுகள் நீடிக்கும். வாடிக்கையாளர்கள் சிலரே, ஒப்பந்தங்களோ மிகப் பெரியவை. 2020-ல் ஏர்டெல்லுடன் நோக்கியா செய்த ஒப்பந்தம் சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ளது. 9 தொலைத்தொடர்பு வட்டங்களில் 3 லட்சம் ரேடியோ கருவிகள் பொருத்துவது அதன் திட்டம். இதுபோக, பழைய கண்டுபிடிப்புகளின் காப்புரிமைக்கு மற்ற போன் நிறுவனங்கள் கட்டும் தொகையும் வருகிறது.

நோக்கியா மட்டும் இந்த வழியில் போகவில்லை. ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டர் பிரிவை 2005-ல் லெனோவாவுக்குக் கொடுத்துவிட்டு, வங்கிகளுக்கான பெரிய கணினிகளிலும் சேவைகளிலும் நிலைத்தது. 2016-ல் போன் தயாரிப்பைக் கைவிட்ட பிளாக்பெர்ரியின் கியூ.என்.எக்ஸ். மென்பொருள் இன்று கோடிக்கணக்கான கார்களுக்குள் இயங்குகிறது.

ஒரே ஊர், இரண்டு முடிவுகள்

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் போன் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள். வரி வழக்கால் ஆலை முடக்கப்பட்டிருந்ததால் அது மைக்ரோசாப்டின் கைக்குப் போகவில்லை. பிறகு மைக்ரோசாப்ட் ஆர்டரையும் நிறுத்த, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. பெரும்பாலோர் இழப்பீடு பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள்.

ஆனால், சற்றுத் தள்ளி ஒரகடத்தில் 2008 முதல் இயங்கும் நெட்வொர்க் கருவித் தொழிற்சாலை நிற்கவில்லை. அங்கிருந்து 4ஜி, 5ஜி கருவிகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. கம்பெனி பிழைத்தது, ஆனால் ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்களை அது கூட அழைத்துச் செல்லவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பிள்ளையின் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் பலர், "பெயர் தெரிந்த கம்பெனியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கலைப் பட்டதாரிகளான நாமும் முன்பு அப்படித்தான் எண்ணினோம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த நிறுவனத்தின் பொருளை வாங்குவது யார்? அவர்கள் நாளையே விட்டுவிட்டுப் போக முடியுமா? பிள்ளை செய்யப்போகும் வேலை அந்த நிறுவனத்தின் நிலைத்த தொழிலில் இருக்கிறதா, அல்லது விற்றுவிடக்கூடிய பிரிவில் இருக்கிறதா?

ஒரே பொருளை ஒரே இடத்தில் பூட்டத் தெரிந்தவருக்கு, அந்த ஆலை மூடினால் வழி அடைபடும். நெட்வொர்க் பராமரிப்பு, மின்னணுப் பழுதுபார்ப்பு, மென்பொருள் சோதனை போன்றவை கம்பெனி மாறினாலும் கூடவே வரும் திறமைகள். நோக்கியா பிழைத்ததும் அப்படித்தான்: போனை விட்டது, கற்ற தொழிலை விடவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் அதுதான்.