கறந்த பால்

கறந்த பால் அல்லது பச்சைப் பால் என்பது மாட்டின் மடியிலிருந்து கறக்கப்பட்டபின் காய்ச்சப்படாமலும், பாச்சர் முறையில் சூடாக்கப்படாமலும் உள்ள பாலைக் குறிக்கும். பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீராகும். கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை, தாது உப்புகள் ஆகியன எஞ்சிய பகுதியாகும்.

கிடைக்கும் வழிகள்

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கறந்த பால் பெரும்பாலும் மூன்று வழிகளில் கிடைக்கிறது.

1. மாடு வளர்ப்போர் வீடு: கறக்கும் நேரத்தில் பாத்திரத்துடன் சென்று வாங்குவது.
2. பால்காரர்: பல வீடுகளில் பாலைச் சேர்த்து, மிதிவண்டியிலோ இருசக்கர வண்டியிலோ கொண்டுவந்து ஊற்றுபவர்.
3. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம்: உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் ஊற்றும் இடம். இங்கு ஒரு பகுதி பால் உள்ளூரில் விற்கப்படுவதும் உண்டு. மீதி குளிரூட்டும் நிலையத்திற்கு அனுப்பப்படும்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் அமைந்த இளையரசனேந்தல் போன்ற மானாவாரி ஊர்களில் தீவனம் மழையைச் சார்ந்தது. கோடையில் பசுந்தீவனம் குறையும்போது பாலும் குறையும். மேலும், அடுத்த கன்றை ஈனுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் பசுவின் பால் வற்றச் செய்யப்படுகிறது. எனவே ஒரே மாட்டிடமிருந்து ஆண்டு முழுவதும் பால் கிடைப்பதில்லை.

வரலாறு

சென்னை அயனாவரத்தில் 1927 ஆம் ஆண்டு பால் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கப்பட்டது. குசராத்தின் ஆனந்தில் 1946 ஆம் ஆண்டு உருவான ஒன்றியம் பின்னர் இந்தியா முழுமைக்கும் முன்மாதிரியானது. தமிழ்நாட்டில் 1958 இல் பால்வளத் துறையும், 1972 இல் பால்வள மேம்பாட்டுக் கழகமும் ஏற்பட்டன. ஆவின் என்னும் பெயரில் பால் விற்கும் கூட்டுறவு இணையம் 1981 இல் செயற்படத் தொடங்கியது.

தரம் அறிதல்

பால்மானி பாலின் ஒப்படர்த்தியை அளக்கும் கருவியாகும். பசும்பாலின் ஒப்படர்த்தி பொதுவாக 1.028 முதல் 1.032 வரை இருக்கும். நீர் சேர்த்தால் இது குறையும். கொழுப்பை எடுத்தால் கூடும். ஆகவே கொழுப்பை எடுத்துவிட்டு நீர் கலந்த பாலைப் பால்மானி மட்டும் கொண்டு கண்டறிய இயலாது. இதனால் கொழுப்பும் தனியே சோதிக்கப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பசும்பாலில் குறைந்தது 3.2 விழுக்காடு கொழுப்பும், 8.3 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் இருத்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களில் இவ்விரு அளவுகளைக் கொண்டே விலை கணக்கிடப்படுகிறது.

உடல்நலம்

மேற்கண்ட சோதனைகள் கலப்படத்தைக் காட்டுமே தவிர நோய்க்கிருமிகளைக் காட்டா. மாட்டுக் காசநோய், புருசெல்லா நோய் ஆகியன பச்சைப் பால் வழியே மனிதருக்குத் தொற்றக்கூடும். நோய்க்குறி வெளியே தெரியாத மாட்டின் பாலிலும் கிருமிகள் இருக்கலாம். பாச்சர் முறையில் பால் 63 பாகை செல்சியசில் 30 நிமிடங்களோ, 72 பாகையில் 15 நொடிகளோ வைக்கப்பட்டு உடனே குளிர்விக்கப்படுகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சிப் பயன்படுத்தும் வழக்கமும் இக்கிருமிகளை அழிக்கிறது. அறை வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுவதால், கறந்த பாலைத் தாமதமின்றிக் காய்ச்சுவது நல்லது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்குக் காய்ச்சாத பாலைக் கொடுத்தல் கூடாது.