பாடியவர் பெயர் அட்டையில்

இன்றைக்கு நான் பேசப் போவது இங்கிலாந்து, அயர்லாந்து நாட்டார் பாடல்களைப் பற்றி. இதைப் பற்றிப் பேச ஒரு தாதிக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நண்பர் ஒருவர் தன் பிள்ளைகளுக்காக உலக நாட்டார் பாடல்களை நாடுவாரியாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்து, அயர்லாந்துப் பகுதியை "நீங்கள் தேவாலயத்தில் பாடுகிற ஆள்தானே" என்று என் தலையில் கட்டிவிட்டார். பத்துப் பாட்டுத்தான், ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று இருந்தேன். மூன்று மாதம் போய்விட்டது.

முதலில் எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் நானும் போனேன். ஹாவர்ட் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளிவந்த தன் பெருந்தொகுப்பில் 305 கதைப்பாடல்களுக்கு எண் போட்டு வைத்தார். 1896இல் அவர் இறந்த பிறகுதான் கடைசிப் பகுதி வந்தது. இன்றைக்கும் பாடகர்கள் "சைல்ட் இத்தனையாம் எண்" என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர் பெரும்பாலும் ஏடுகளிலும் அச்சிலும் தேடிய மனிதர். பாட்டின் சொல் அவருக்கு முக்கியம், மெட்டு அவ்வளவாக இல்லை. மெட்டுகளைத் தேடிச் சேர்த்து பெர்ட்ரண்ட் புரொன்சன் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது 1959க்கும் 1972க்கும் இடையில்.

அயர்லாந்துப் பக்கம் பி. டபிள்யூ. ஜோய்ஸ் 1909இல் 842 மெட்டுகளையும் பாடல்களையும் ஒரே புத்தகத்தில் தந்தார். அதிலே ஒரு காதல் பாட்டின் மெட்டுத்தான் பிற்பாடு 'ஸ்லேன்' என்ற பெயரோடு தேவாலயத்துக்குள் வந்தது. ஆங்கில ஆராதனைக்குப் போகிறவர்களில் அந்த மெட்டைக் கேட்காதவர்கள் குறைவு.

இந்தத் தேவாலய விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நான் வளர்ந்த இடம் அது. 1903இல் சோமசெற்றில் ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில், தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவர் பாடியதைக் கேட்டுத்தான் செசில் ஷார்ப் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். அந்தத் தோட்டக்காரருடைய பெயரே ஜோன் இங்கிலாந்து. கதைக்காக வைத்த பெயர் போல இருக்கும், உண்மைப் பெயர். அதே ஆண்டில் வோன் வில்லியம்சும் ஊர் ஊராகப் பாட்டுக் கேட்கத் தொடங்கினார். 1906இல் அவர் இசை பார்த்த 'இங்கிலிஷ் ஹிம்னல்' வந்தபோது அதற்குள் நாட்டார் மெட்டுகள் நிறைய இருந்தன. உழவுக்காரப் பையன் கண்ட கனவைப் பற்றிய பாட்டின் மெட்டு, பெத்லகேமைப் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போனது. ஹரியற் வெறல் என்ற பெண் 1904இல் அவருக்குப் பாடிக் காட்டிய பாட்டின் மெட்டு, ஜோன் பன்யனின் பயணிப் பாடலுக்குப் போனது.

அந்த மெட்டுகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? முதலாவதற்கு 'ஃபொறஸ்ற் கிறீன்', இரண்டாவதற்கு 'மொங்ஸ் கேற்'. இரண்டும் ஊர்ப் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த மெட்டைப் பாடுகிற எத்தனை பேருக்கு வெறல் அம்மாவின் பெயர் தெரியும்? வோன் வில்லியம்ஸ் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தன் குறிப்பேட்டில் அவர் பெயர்களை எழுதித்தான் வைத்தார். ஆனால் குறிப்பேட்டிலிருந்து பாட்டுப் புத்தகத்துக்கு வரும் வழியில் ஆள் காணாமல் போகிறார்.

நம் பக்கமும் இதே கதைதான். 1871இல் சென்னையில் சார்ல்ஸ் ஈ. கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் போட்டார். திருக்குறளுக்கு அதில் தனி இயலே உண்டு. நல்லொழுக்கம் சொல்கிற பாட்டு எங்கே கிடைக்கும் என்று பார்த்தவருக்குக் குறளும் நாட்டுப்பாட்டாகத் தெரிந்திருக்கிறது! அதற்குப் பிறகு ஆங்கில அதிகாரி பெர்சி மக்வீன் சேர்த்து வைத்ததைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரசுவதி மகால் 1958இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. ஒவ்வொருவர் தெரிவிலும் அவரவர் மனம் தெரியும்.

சரி, நண்பரின் பத்துப் பாட்டுக்கு வருகிறேன். இந்த நூல்களில் அலைந்துகொண்டிருந்தபோது கைக்கு வந்தது ஓர் இசைத்தட்டு. 1961இல் நியூயோர்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒட்டாவா பள்ளத்தாக்கின் ஐரிஷ், பிரித்தானியப் பாட்டுகள்'. அட்டையில் பாடியவர் பெயர்: ஓ. ஜே. அபொட். அதற்குப் பாட்டுகளைச் சேகரித்தவர் நம் ரொறன்ரோவில் வாழ்ந்த எடித் ஃபோக்.

எடித் ஃபோக் 1913இல் சஸ்கச்சுவனில் லம்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1950 முதல் சீ.பி.சி. வானொலியில் நாட்டார் பாடல் நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் காலத்தில் கனடாவில் ஆங்கில நாட்டார் பாட்டு என்றால் கிழக்குக் கரைதான். நோவா ஸ்கோஷியாவில் ஹெலன் கிறைட்டன் 1928 முதலே சேகரித்துக்கொண்டிருந்தார். ஒன்ராறியோவில் அப்படி ஒன்றும் இல்லை என்பது பொதுவான நினைப்பு. 1956இல் எடித் ஃபோக் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பீற்றர்பரோ பக்கம் போனார். கதவைத் தட்டினார், கேட்டார், கிடைத்தது. தேடாத இடத்தில் இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

பீற்றர்பரோவில் ஏன் கிடைத்தது? ஐரிஷ் மக்கள் இங்கே வந்தார்கள் என்றால் நமக்கு உடனே நினைவு வருவது உருளைக்கிழங்குப் பஞ்சம். அதுவும் உண்மைதான். 1847 கோடையில், ஏறக்குறைய 20,000 பேர் இருந்த ரொறன்ரோவில் 38,000 பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். 1,100 பேருக்கு மேல் இங்கேயே இறந்தார்கள், பெரும்பாலும் ரைஃபஸ் காய்ச்சலில். அவர்களைப் பார்த்த மருத்துவர் ஜோர்ஜ் கிராசெற்றும் தாதியர் சிலரும் அதே நோயில் போனார்கள். நகர மையத்தில் கிராசெற் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆனால் பீற்றர்பரோ ஐரிஷ் மக்கள் அதற்கு முன்பே வந்தவர்கள். 1825இல் பீற்றர் றொபின்சன் என்பவரின் பொறுப்பில், கோர்க் பகுதியிலிருந்து ஒன்பது கப்பல்களில் ஏறத்தாழ 2,000 பேர் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். ஊரின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. 1823இல் வந்த சில நூறு பேர் ஒட்டாவா பள்ளத்தாக்குப் பக்கம் போனார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் வேலை என்றால் மரம். பனிக்காலம் முழுக்க ஆண்கள் காட்டுக் கொட்டில்களில் தங்கி மரம் வெட்டுவார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது மரத்தை ஆற்றில் விடுவார்கள். ஐரிஷ், ஸ்கொட்லாந்து, பிரெஞ்சுக் கனடியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். சனிக்கிழமை இரவு பாட்டு. வாத்தியம் கிடையாது, ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டின் கடைசிச் சொற்களைப் பாடாமல், பேச்சுக் குரலில் சட்டென்று சொல்லி முடிப்பது அவர்களுடைய வழக்கம். கதை முடிந்தது, இனி அடுத்தவர் பாடலாம் என்பது அதன் பொருள். முதல் தடவை கேட்டபோது பதிவு அறுந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள்.

அபொட் 1872இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவனாகக் கனடாவுக்கு வந்து, ஒட்டாவா பள்ளத்தாக்கில் ஐரிஷ் குடும்பங்களின் பண்ணைகளிலும் பிறகு மரக் கொட்டில்களிலும் வேலை செய்தார். அங்கேதான் பாட்டுப் பிடித்தார். 1957இல் எடித் ஃபோக் அவரைக் கண்டுபிடித்தபோது வயது 85. அறுபது, எழுபது ஆண்டுக்கு முன் கேட்ட பாட்டுகளை நினைவிலிருந்து பாடினார். தட்டு வந்த மறு ஆண்டே, 1962இல், இறந்துவிட்டார். ஐந்து ஆண்டு இடைவெளியில் தப்பிய பாட்டுகள் அவை.

இப்போது என் நண்பரின் பிரச்சினையைப் பாருங்கள். நாடுவாரியாகப் பெட்டி போட்டு வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் பிறந்தவர், ஐரிஷ்காரர்களிடம் கற்று, கனடாவில் பாடிய பாட்டை எந்தப் பெட்டியில் போடுவது? எடித் ஃபோக் அந்தக் கேள்விக்குள் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. இடத்தின் பெயரைப் போட்டார், பாடியவர் பெயரைப் போட்டார். எனக்கு அந்தத் தெரிவு பிடித்திருக்கிறது. லேக் சிம்கோ பக்கத்து லரீனா கிளார்க் தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த பாட்டுகளைப் பாடினார். அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எடித் ஃபோக் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். தோட்டக்காரர் ஜோன் இங்கிலாந்துக்கு யார் அப்படி எழுதினார்கள்?

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் முதியவர்கள் நிறையப் பேர் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். மறதி நோய் முற்றி, பிள்ளையின் பெயரைக் கூடச் சொல்ல முடியாத ஒருவர் தாலாட்டோ அருவி வெட்டுப் பாட்டோ நாலு அடி தடுமாறாமல் பாடுவதைத் தாதிமார் நாங்கள் பார்க்கிறோம். வேலை இடத்தில் அதைப் பதிவு செய்ய எனக்கு உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் செய்யலாம். கைத்தொலைபேசி போதும். அம்மாவிடம், அப்புவிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பெயர், ஊர், யாரிடம் கேட்டுப் படித்தது, இந்த மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். சுருதி சரியில்லை என்று கவலைப்படாதீர்கள். அபொட்டின் குரலிலும் 85 வயது கேட்கும்.

நண்பருக்கு நான் முதலில் கொடுத்தது, எடித் ஃபோக் அபொட்டிடமிருந்து பதிவு செய்த வாட்டர்லூ சமவெளிப் பாட்டு. 1815இல் போருக்குப் போனவனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். ஒரு சிப்பாய் வந்து, உன் ஆள் செத்துவிட்டான், நான் பக்கத்தில் இருந்தேன் என்கிறான். அவள் உடைந்து போகிறாள். பிறகுதான் தெரிகிறது, வந்தவனே அவன். ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பாட்டுகள் ஒரு தனிக் குடும்பமாகவே உண்டு. அவளுடைய அன்பைச் சோதிக்கிறானாம். எனக்கு அந்தச் சோதனை பிடிக்கவில்லை, கொடுமை. ஆனாலும் கேட்கும்போது, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்த அம்மாமார் நினைவுக்கு வருகிறார்கள். செத்துவிட்டான் என்று நம்பு என்று அவர்களுக்கும் ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டில் அவன் கடைசி அடிகளில் திரும்பி வந்துவிடுகிறான்.

பிள்ளைகளுக்கு இது கனமாக இருக்காதா என்று நண்பர் கேட்டார். இருக்கட்டும், பத்தில் ஒன்று அப்படி இருக்கலாம் என்றேன். அதற்கு அடுத்ததாக அபொட் பாடிய பார்லித் தானியப் பாட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்லியை மண்ணில் புதைத்து, வெட்டி, அரைத்து, கடைசியில் குடித்துத் தீர்க்கிற பாட்டு. தாளம் நல்ல கலகலப்பு, பிள்ளைகள் துள்ளுவார்கள். மீதி எட்டுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.