ஊவாவும் அயலரசின் தலையீடும்

ஓர் அரசு தன் ஆணைக்குட்பட்ட குடிகளையே கொன்றழிக்க முற்படுமிடத்து, அல்லது அவர்கள் கொல்லப்படுவதைக் கண்டும் வாளாவிருக்குமிடத்து, அயல் அரசொன்று இடைப்புகுந்து அவர்களைக் காத்தல் தகுமோ என்னும் வினா, சர்வதேச நீதி நூலோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதொன்று. போரும் சமாதானமும் பற்றி 1625 ஆம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்ட கிரோசியசு, கொடுங்கோலன் ஒருவனின் குடிகள் பொருட்டுப் பிறர் படையெடுத்தல் நியாயமாகலாம் எனக் கொண்டார். எனினும், பிறர் பொருளை விழைவோர் இத்தகைய நியாயங்களையே முகமூடியாக அணிவர் என்பதையும் அவர் மறந்தாரல்லர். ஜோன் ஸ்டுவாட் மில் 1859 இல் எழுதியபோது, தன் விடுதலையைத் தானே ஈட்டாத சனத்துக்குப் பிறர் ஈட்டிக்கொடுத்த விடுதலை நிலையாது என்று வாதித்தார். இவ்வறிஞர் கூற்றுக்களை உரைத்துப் பார்த்தற்கு ஐரோப்பா வரை செல்ல வேண்டுவதில்லை. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா நாட்டின் வரலாறே அதற்குரிய உரைகல்லாகும்.

கண்டி இராச்சியத்தினுள் பிரித்தானியர் 1815 ஆம் ஆண்டில் புகுந்தது, அவர்கள் சொல்லின்படி, மக்களைக் காத்தற்பொருட்டேயாம். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் ஆட்சி இறுதியாண்டுகளில் கொடுமை மிக்கதாயிற்று என்பதில் ஐயமில்லை. எகலப்பொல அதிகாரம் பகைத்துக்கொண்டு ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபின், 1814 இல் அவன் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். கரைநாட்டு வணிகர் சிலர் உறுப்புக் குறைக்கப்பட்டனர். தேசாதிபதி பிரவுன்றிக் 1815 ஜனவரியில் விடுத்த பிரசித்தம், இப்போர் மன்னன்மீதன்றிக் கண்டி மக்கள்மீதன்று என்றும், அவர்களைக் கொடுமையினின்றும் மீட்பதே நோக்கமென்றும் கூறியது. பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2 ஆந் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், மன்னனின் கொடுமைகளையே தன் முகவுரையாக விரித்து, உறுப்புக் குறைத்தலையும் சித்திரவதையையும் விலக்கியது.

இதனைப் படிப்போர், மனிதாபிமானத் தலையீடு என இக்காலத்தார் வழங்கும் கருத்தின் பெரும்பகுதியும் இப்பத்திரத்தில் அடங்கியிருத்தலைக் காண்பர். ஆயின் 1796 முதல் கரைநாட்டை ஆண்ட பிரித்தானியர்க்கு நடுவே தனியரசொன்று நிற்பது செலவும் தலையிடியுமாயிருந்தது. 1803 இல் அதனைக் கைப்பற்ற முயன்று தோற்ற நினைவும் அவர்க்குண்டு. ஜோன் டொயிலி பல ஆண்டுகளாகப் பிரதானிகளோடு மறைவாய்க் கடிதப் போக்குவரத்து நடத்தி வந்தான். மக்களின் பேரால் ஒப்பமிட்டோர் அப்பிரதானிகளே. வெல்லஸ்ஸையில் சேனைப் பயிர் செய்த குடியானவனை எவரும் கேட்டிலர்.

அவன் மறுமொழி இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1817 இல் வெல்லஸ்ஸையிலும் ஊவாவிலும் கலகம் மூண்டது. பதுளையில் அரசாங்கத்தின் பிரதிநிதியாயிருந்த வில்சன் கொல்லப்பட்டான். கலகத்தை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, கலகக்காரரோடு தானும் சேர்ந்தான். அரசினர் தந்த ஆயுதங்களை அவர்க்கே திருப்பியனுப்பிவிட்டுச் சென்றான் என்பர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இந்தியாவினின்றும் படை வந்தது. ஊர்கள் எரியூட்டப்பட்டன, நெல்லும் கால்நடையும் அழிக்கப்பட்டன, வாளுக்குத் தப்பினோர் பஞ்சத்துக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். அந்நாளில் இலங்கையிலிருந்த மருத்துவர் ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட நூலில், சுதேசிகளின் இழப்புப் 10,000 ஆகலாம் என மதித்தார். எதிரியின் படையைச் சேர்ந்த ஒருவரே கூறிய கணக்காதலின் இது மிகைப்படுத்தியதெனத் தள்ளற்பாலதன்று. கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26 இல் போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவன் மண்டையோட்டை மருத்துவர் ஹென்றி மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டு சென்றார். இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே அது தாய்நாடு மீண்டது.

மன்னன் கொன்றவர் தொகையையும், மன்னனின் கொடுமையினின்றும் மீட்க வந்தோர் ஊவாவில் அழித்தவர் தொகையையும் ஒப்பிடின், முன்னது மிகச் சிறிது. இதுகொண்டு மன்னனின் கொடுமை பொய்யென வாதிப்பது தவறு. கொடுமை மெய், அதனை நீக்குவதாகக் கூறிய நோக்கமே பொய். காவலன் வந்த பின் போகாதிருந்தானாயின், அவனைக் காவலனென்னும் பெயரால் அழைத்தல் எவ்வாறு பொருந்தும்? மில் கூறிய குறையினும் இது பெரிய குறை. ஈட்டிக்கொடுத்த விடுதலை நிலையாமற் போயிற்றென்பதன்று, விடுதலையே ஈயப்படவில்லை.

இவ்வாறு ஆளற்றுப்போன மலைச்சரிவுகளின் பல பகுதிகள் பின்னர்க் கோப்பித் தோட்டங்களாயின. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை வந்தது. ‘மலபார்’ மன்னனின் உறவினர் மலைநாட்டில் இருத்தலாகாது என 1815 இல் விலக்கிய அதே ஆட்சி, தென்னிந்தியத் தமிழரைக் கங்காணிமார் வாயிலாக ஆயிரக்கணக்கில் அம்மலைகளுக்கே கொணர்ந்தமை சரித்திரத்தின் நகைப்புக்களுள் ஒன்று. பசறை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் லயங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தனர். சுதந்திரத்தின்பின், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத்தாலும் அவருட் பெரும்பாலார் நாடற்றவரும் வாக்கற்றவருமாயினர். 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாய்ப் பகுக்கப்பட்டனர். பகுக்கப்பட்டோரின் கருத்து 1815 இற் போலவே இப்போதும் கேட்கப்படவில்லை.

நாடற்றவன் தாக்கப்படின் அவனைக் காக்கும் கடன் எந்நாட்டினுடையது? இவ்வினா 1983 ஜூலை 27 இல் பதுளை வீதிகளில் எழுந்தது. கொழும்பில் மூண்ட வன்செயல் நான்காம் நாளில் இந்நகரை எட்டியது. மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார்ச் சைக்கிள் முதலிற் கொளுத்தப்பட்டது. நண்பகலளவில் கடைத்தெரு எரிந்தது. பின்னர்க் குடியிருப்புக்கள் எரிந்தன. கும்பல் வண்டிகளைக் கவர்ந்துகொண்டு ஹாலி எல, பண்டாரவளை, வெலிமடைப் பக்கஞ் சென்றது; இரவுக்குள் தீ லுணுகலையை எட்டியது. நாடு முழுவதும் இறந்தோர் தொகையை அரசாங்கம் சில நூறென்றது. பிறர் மதிப்பீடு 3,000 வரை செல்கிறது. மலையகத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் அவ்வேளை அமைச்சரவையில் வீற்றிருந்தார். அமைச்சரவையில் ஓரிடம் பெறுவதும் வீதியிற் காவல் பெறுவதும் வேறு வேறென்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டா.

இந்தியா வாளாவிருக்கவில்லை. இந்திரா காந்தி ஜனாதிபதி ஜயவர்த்தனாவோடு தொலைபேசியிற் பேசினார். வெளிநாட்டமைச்சர் நரசிம்மராவ் அம்மாத இறுதியிலேயே கொழும்புக்கு வந்தார். அவர்பின் பார்த்தசாரதி தூது வந்தார். படையின்றிச் சொல்லளவில் நிகழ்ந்த இத்தலையீடு குறைத்து மதிக்கத்தக்கதன்று. அயல்நாடொன்று உற்றுநோக்குகிறது என்னும் அறிவே கொலைஞன் கையைத் தடுப்பதுமுண்டு. ஆனால் மலையகத்தார்க்கு இந்தியா வைத்திருந்த பரிகாரம் பெரிதும் கப்பலேற்றுதலாகவே இருந்தது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பற்சேவை 1984 இல் நின்றபோது அதுவும் நின்றது. தாக்கப்பட்டவனைத் தாக்குவோன் விரும்பிய திசையிலேயே கொண்டுசெல்வது காப்பாகுமோ, அன்றித் தாக்குதலை நிறைவு செய்தலாகுமோ என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. உயிருக்கஞ்சித் தாமே போக விழைந்தோரும் பலராதலின், விடை எளிதன்று.

1987 இல் தலையீடு வேறு உருக்கொண்டது. ஜூன் 4 இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளை இட்டன. ஜூலை 29 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அமைதி காக்கும் படை வந்தது. அவ்வொப்பந்தத்தின் பெரும்பகுதி வடக்கையும் கிழக்கையும் பற்றியது. தோட்ட மக்களைத் தொடுவதாகக் கொள்ளத்தக்க வாசகமோ, இலங்கையிலுள்ள இந்தியப் பிரசைகளைத் திருப்பியழைத்தல் விரைவுபடுத்தப்படும் என்பதே. வடக்கில் நேர்ந்ததும் 1818 ஐ நினைவூட்டாமற் போகவில்லை. அக்டோபரில் காக்க வந்த படை போர் தொடுத்தது. அம்மாதம் 21, 22 ஆந் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையினுள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் அதன் கையால் இறந்தனர். ஆயினும் வேற்றுமையொன்றுண்டு. இந்தியப் படை 1990 மார்ச்சில் மீண்டு சென்றது. பிரவுன்றிக்கின் படை மீளவில்லை.

படை புகுதல் எஞ்ஞான்றும் தீதென முடிவு செய்தலும் பிழையாகும். 1978 இறுதியில் வியட்நாமியர் புகுந்திராவிடின் கம்போசியாவின் கொலைக்களங்கள் எப்போது மூடப்பட்டிருக்கும் என எவரும் சொல்லற்கியலாது. 1994 இல் ருவாண்டாவில் கொலை பெருகியபோது ஐக்கிய நாடுகள் தாபனம் தன் படையைக் கூட்டாது குறைத்தது. அக்குறைப்பின் விலை இலட்சக்கணக்கான உயிர்கள். இவ்வனுபவங்களினின்றே, தன் குடிகளைக் காக்கும் பொறுப்பு ஒவ்வோர் அரசுக்கும் உரியதென்றும், அது வெளிப்படையாய்த் தவறுமிடத்துப் பாதுகாப்புச் சபை வாயிலாக உலகம் செயற்படலாமென்றும் 2005 செப்டெம்பரில் உலகத் தலைவர்கள் உடன்பட்டனர். அவ்வுடன்பாடு குறிப்பன இனவழிப்பு, போர்க்குற்றம், இனத்துடைப்பு, மனிதகுலத்துக்கெதிரான குற்றம் என்னும் நான்கே. பதுளைக் கடைத்தெருவில் ஒரு நண்பகலில் மூண்டு இரவுக்குள் லுணுகலையை எட்டிய தீயைத் தடுக்க நியூயோர்க்கில் சபை கூடும்வரை காத்திருத்தல் இயலாது. அங்கே வேண்டியிருந்தது நடுநிலை தவறாத பொலிசும், அஞ்சாத நீதிமன்றமும், கையில் ஒரு வாக்குமே.

வாக்கும் பிரசாவுரிமையும் பின்னர் வந்தன. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழங்கப்பட்டது. ஏனைய இரண்டும் அவ்வாறல்ல. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25 காலை, அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைவர்க்கு மேற்பட்டோரைக் கும்பலொன்று கொன்றது. ஆயுதந்தாங்கிய பொலிசார் அங்கே நின்றனர். ஆணைக்குழு விசாரித்தது. 2003 இல் மேல் நீதிமன்றம் ஐவர்க்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டின் முடிவில், 2005 இல், அவருள் ஒருவரேனும் தண்டனைக்குரியவராய் எஞ்சவில்லை. உலகத் தலைவர்கள் நியூயோர்க்கில் உடன்பட்டதும் அதே ஆண்டிலேயாம்.